இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு தாடைகள்

வின்டர்தூர். வெள்ளி, மாலை ஆறு பத்து.
பல் ஆய்வுகூடத்தில் நான் மட்டும்.
திங்கட்கிழமைக்குள்
கோப்புகள் எல்லாம் திகதியில் தொடங்க வேண்டும் என்று
எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார் ஃபிராவ் ட்சொலிங்கர்.
மஞ்சள் தாள், பச்சை மை,
தயவுசெய்து என்பதன் கீழே இரண்டு கோடு.

ஒவ்வொரு தாடைக்கும் அவரவர் வாய்க்கு வந்த பெயர்:
மேல்தாடை, மேல்தாடை புதியது,
புதியது இரண்டு,
உண்மையிலேயே கடைசி.
கையால் ஒவ்வொன்றாய் மாற்றினால்
ஈஸ்டர் வந்துவிடும்.

கறுப்புச் சாளரத்தைத் திறந்தேன்.
பெயர் மாற்ற என்று
அங்கே தனிக் கட்டளை தேட வேண்டியதில்லை.
நகர்த்து என்பதற்கு இரண்டெழுத்து, அதுவே போதும்.
இங்கிருந்து எடுத்து அங்கே வை;
அங்கே என்பது வேறு இடமாக இருக்கலாம்,
வேறு பெயராகவும் இருக்கலாம்,
அதற்கு இரண்டும் ஒன்று.
எனக்கும் இது புதிதில்லை.
பெயர் என்றால் பெயர்.
பெயர் என்றால் கிளம்பு.

ஒரேயொரு வரி எழுதினேன்.
முதலில் செய்யாதே, சொல்லிக் காட்டு என்றேன்.
பழையதும் புதியதுமாய்த் திரையில் ஓடின,
எதுவும் நடக்காமலே;
கலியாணத்துக்கு முதல்நாள்
மண்டபத்தில் கதிரை எண்ணுவதுபோல.

ஃபொன் ஆர்க்ஸ் என்றொரு மனிதர்.
பெயரின் நடுவே ஓர் இடைவெளி.
மேல்வரியில் ஃபொன் தனியாக,
அடுத்த வரியில் ஆர்க்ஸ் தனியாக.
செவ்வாய்க்கிழமைதான்
பல்லின் நிறம் பார்க்க முழுசாக வந்து போனவர்!
இரண்டு பக்கமும் மேற்கோள் குறி வைத்து
ஆளை ஒட்டினேன்.

பிறகு, செய் என்றேன்.
ஒரு மூச்சுக்கூட இல்லை, முடிந்துவிட்டது.
சரியாக நடந்தால் அது ஒன்றும் பேசாது.
பிழையாக நடந்தாலும் சிலநேரம் பேசாது.
எண்ணிப் பார்த்தேன்:
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினைந்து.
திரும்ப எண்ணினேன்.
பதினைந்துதான்.

யாரோ ஒருவரின் தாடை
இன்னொருவரின் தாடைக்கு அடியில் போயிருக்கிறது.
வால்களை நறுக்கியதில்
இரண்டு பெயர் ஒரே பெயராகி,
பின்னால் வந்தது
ஆள் இருக்கிறதா என்று பார்க்காமலே
மடியில் உட்கார்ந்துவிட்டது.

வியாழன் இரவுப் பிரதி அலுமாரிக்குள்.
சாவி?
தொலைபேசியை எடுத்ததும் ஃபிராவ் ட்சொலிங்கர்,
“ஃபிராவ் கந்தவனம்?” என்றார்.

கந்தவனம் என் அப்பா.
படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தது,
என்னிடம் ஒரு பெயர்தான் இருந்தது,
மற்றதில் அவர் போய் நின்றார்.
பத்தொன்பது வருடமாய் இந்தக் கட்டிடத்தில்
எல்லோரும் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள்.
நான் போய் என்னவென்று கேட்கிறேன்.
பனியையே காணாத மனுசன்,
எவ்வளவு வேலை அவருக்கு.

சாவி இளஞ்சிவப்பு மெழுகுப் பெட்டிக்குள்.
காணாமல் போனவர் யூர்க் மையர், பிறந்தது ஐம்பத்தெட்டு.
மேலே இருந்தவரும் யூர்க் மையர், எண்பத்தொன்பது.
ஒரே தெரு, ஒரே கதவிலக்கம்.
தகப்பனும் மகனும்
ஒரே நாளில் ஒரே காரில் வந்து
வாயைத் திறந்திருக்கிறார்கள்.
கடைவாய்ப்பல்லின் சாய்வுகூட ஒன்றுதான்.
தகப்பனுக்குக் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.

பழைய கோப்புகளை எல்லாம் மீட்டு,
பெயர்களின் வாலில் பிறந்த ஆண்டைச் சேர்த்து,
வரியில் இன்னும் ஓர் எழுத்துப் போட்டேன்:
ஒருவர்மேல் ஒருவரை வைக்குமுன்
என்னைக் கேள்.

எண்ணினேன். பதினாறு.
இருந்தாலும் மனம் கேட்கவில்லை.
கேட்கிறதா என்று பார்க்க
வேண்டுமென்றே மகனை ஒருமுறை
தகப்பனின் பெயருக்கு அனுப்பினேன்.
மேலெழுதவா? என்றது.
ஒரே எழுத்துத்தான் பதில்.
விரலை அதன்மேல் வைத்தபடி
கொஞ்சநேரம் இருந்தேன்.

ஏழு நாற்பது பஸ் போயிருந்தது.